4 லட்சம் ரூபாயில் "ரேஸ் கார்" ஆசையா? தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

கருவேப்பிலங்குறிச்சி:-

சாயங்கால நேரம். டீக்கடை ஓரம் ஒரு சிகப்பு கார் வந்து "சர்ர்" என்று நிற்கிறது. அகலமான டயர், தாழ்ந்த உடம்பு, உறுமும் சைலன்சர். அவ்வளவுதான்! டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாலிபர்கள் கூடிவிடுகிறார்கள்.

"எவ்ளோ அண்ணே?"

"செகண்ட் ஹேண்டுதாம்பா. மூணே முக்கால்."

மூணே முக்கால் லட்சத்தில் இப்படி ஒரு காரா! அன்றைக்கு ராத்திரி அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவருக்காவது தூக்கம் வராது.

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி என்றில்லை. பெண்ணாடம், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு என்று எங்கே போனாலும் இந்த ஆசை உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், சீட்டு எடுத்த பணம், அப்பா ரிட்டையர் ஆன பணம் இதற்குத்தான் போகிறது.

ஆசை தப்பில்லை. ஆனால் பழைய கார் வாங்கும்போது ஏமாந்தால், அந்தப் பணம் திரும்பி வராது. கையைச் சுட்டுக்கொள்ளாமல் வேகமான கார் வாங்குவது எப்படி? அதன் விவரம் வருமாறு:-

மாமனும் மருமகனும்

சிங்கப்பூரில் இருந்து திரும்பிய ஒரு வாலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 4 லட்சம். தாய்மாமன் விருத்தாசலத்தில் கார் மெக்கானிக். இருவருக்கும் பேச்சு இப்படித்தான் நடக்கும்:-

வாலிபர்:- மாமா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பாத்துக் குடுங்க. நாலு லட்சம் வச்சிருக்கேன்.

மாமா:- நாலு லட்சத்துக்கும் காரு வாங்கிட்டா, மறுநாள் பெட்ரோலுக்கு எங்கடா போவ?

வாலிபர்:- அதெல்லாம் பாத்துக்கலாம் மாமா. பழைய பி.எம்.டபிள்யூ. ஒண்ணு வருதாம். நாலு லட்சந்தானாம்!

மாமா:- அது புதுசுல என்ன விலை?

வாலிபர்:- முப்பது லட்சத்துக்கு மேல.

மாமா:- காரு விலை இறங்கிப் போச்சு. அதோட சாமான் விலை இறங்குமாடா?

விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சாமான் விலை இறங்காது

30 லட்சம் ரூபாய் கார் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 4 லட்சத்துக்கு வரலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சர்பர், கியர்பாக்ஸ், ஹெட்லைட் எல்லாம் 30 லட்சம் ரூபாய் காருக்குரிய விலையில்தான் கிடைக்கும். கியர்பாக்ஸ் ஒன்று போனால், செலவு கார் வாங்கிய விலையை எட்டிப் பார்க்கும்.

அந்த காரை வைத்திருந்தவர் ஏன் விற்கிறார் என்று யோசிக்க வேண்டும். பல சமயம், அடுத்து வரப் போகும் பெரிய செலவுக்குப் பயந்துதான் தள்ளிவிடுகிறார்கள்.

எனவே பணம் அளவாக இருப்பவர்கள் பெரிய பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. நம் ஊரில் சாமான் கிடைக்கிற, நம் ஊர் மெக்கானிக் பிரித்து மாட்டத் தெரிந்த வண்டியில் எது வேகமானது என்றுதான் தேட வேண்டும்.

சின்ன என்ஜின், பெரிய வேகம்

வேகத்துக்குப் பெரிய என்ஜின்தான் வேண்டும் என்பதில்லை. இதைச் செய்து காட்டியவர்களில் ஒரு தமிழ்நாட்டுக்காரரும் உண்டு.

சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடக்கும். கூட்டம் அலைமோதும். அந்த ரேஸ் உலகில் புகழ் பெற்றவர் கோவை கரிவரதன். 1980-களின் கடைசியில் அவர் "ஃபார்முலா மாருதி" என்ற ஒற்றை சீட் ரேஸ் காரை உருவாக்கினார். அதில் வைத்த என்ஜின் என்ன தெரியுமா? நாம் எல்லாரும் பார்த்த மாருதி 800 காரின் என்ஜின்!

உடம்பு எடை குறைந்தது. அதே சின்ன என்ஜின் பறந்தது. 2005-ல் ஃபார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான்.

இதில் இருந்து வாங்குபவர் கற்க வேண்டியது ஒன்று. குதிரை சக்தியை மட்டும் பார்க்காதீர்கள். காரின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். எடை குறைந்த காருக்கு பிரேக் நன்றாகப் பிடிக்கும், டயர் தேய்மானம் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

எந்த வண்டி?

நிஜமான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவிலும் தயாரானது. "சான் ஸ்டார்ம்" என்று பெயர். கோவாவில் தயாரித்தார்கள். ஃபைபர் உடம்பு, 1,149 சி.சி. ரெனோ என்ஜின், திறந்து மூடும் கூரை. பார்க்க அழகு. ஆனால் வந்ததே கொஞ்சம் வண்டிதான். ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஊர் ஊராகத் தேட வேண்டும். காட்சிக்கு வைக்க ஆசைப்படுபவருக்கு அது சரி. வாரம் மூன்று நாள் ஓட்ட நினைப்பவருக்குச் சரிப்படாது.

சாதாரண உடம்பில் வேகத்தை ஒளித்து வைத்திருக்கும் கார்கள்தான் நம் பட்ஜெட்டுக்கு ஏற்றவை. அவை வருமாறு:-

2005-ல் வந்த பழைய மாருதி ஸ்விப்ட். 1,298 சி.சி. பெட்ரோல் என்ஜின், 87 குதிரை சக்தி. எடை சுமார் ஒரு டன். வளைவில் தரையைக் கவ்விப் போகும். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும்.

1999-ல் மறைமலைநகரில் தயாராகி வந்த ஃபோர்டு ஐகான் 1.6. ஒரு காலத்தில் வாலிபர்களின் கனவு. இப்போது எல்லாமே வயசான வண்டி. நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் யோகம்.

2008-ல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-விடெக். 1.5 லிட்டர் என்ஜின், 118 குதிரை சக்தி. வீட்டுக்கு வீடு, வேகத்துக்கு வேகம். அம்மா, அப்பாவைக் கோயிலுக்கும் அழைத்துப் போகலாம்.

2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர்தான். ஆனால் டர்போ இருப்பதால் 105 குதிரை சக்தி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் 7 கியர் பெட்டி. கியர் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று பெரிய ஒர்க்ஷாப்பில் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். பழுதானால் செலவு பெரிது.

2015-ல் வந்த ஃபியட் அபார்த் புன்டோ. 145 குதிரை சக்தி! ஆனால் ஃபியட் கார்கள் இந்தியாவில் நின்றுபோய்விட்டன. சாமானுக்கு வழி தெரிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பெட்ரோல் கணக்கு

வேகமான கார் பெட்ரோலையும் வேகமாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம்.

லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் காருக்கு மாதம் சுமார் 5 ஆயிரத்து 550 ரூபாய். 12 கி.மீ. கொடுக்கும் காருக்கு சுமார் 8 ஆயிரத்து 330 ரூபாய். வித்தியாசம் வருடத்துக்கு 33 ஆயிரத்தைத் தாண்டுகிறது. சம்பளக்காரர்கள் இதை முதலிலேயே எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

கட்டாயமாக எடுக்க வேண்டிய "தேர்ட் பார்ட்டி" இன்சூரன்சும் என்ஜின் அளவைப் பொறுத்ததே. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ரூ.2,094. அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416. அதையும் தாண்டினால் ரூ.7,897. வரி தனி.

நாலில் ஒரு பங்கு

வாலிபர்:- அப்ப எவ்ளோக்குத்தான் மாமா காரு பாக்கணும்?

மாமா:- மூணு லட்சத்துக்குப் பாரு. ஒரு லட்சத்தத் தொடாத.

வாலிபர்:- மூணுக்கு நல்லது வருமா?

மாமா:- நாலுக்கு வாங்கி ரிப்பேருக்குக் கடன் வாங்குறவன்தான் ஆறு மாசத்துல ரெண்டரைக்கு விக்கிறான். அவன்கிட்டதான் நாம வாங்கப் போறோம்!

இதுதான் கணக்கு. கையில் இருப்பதில் நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். பழைய கார் எதுவானாலும் வாங்கியதும் செலவு காத்திருக்கும். என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, மாற்றிய பில் இல்லை என்றால், அதை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். பிறகு என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

டயர், பிரேக், ஷாக் அப்சர்பர் மூன்றையும் முதலில் சரி செய்யுங்கள். பாட்டுப் பெட்டி பிறகு ஆகட்டும்.

தட்டிப் பார்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். அகல் விளக்கில் இருந்து பியூஸ் கேரியர் வரை தயாராகும் ஊர். பீங்கான் வாங்கத் தெரிந்தவர்கள் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. விரலால் சுண்டுவார்கள். நல்ல சாமான் "ணங்" என்று பாடும். கீறல் விழுந்தது "டப்" என்று செத்த சத்தம் போடும்.

கார் விஷயமும் அப்படித்தான். கதவு, மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். தகரம் கணீர் என்று கேட்கும். அடிபட்டு "பட்டி" பூசிய இடம் மந்தமாகக் கேட்கும். துணி சுற்றிய சின்னக் காந்தம் அங்கே ஒட்டாது.

இன்னும் பார்க்க வேண்டியவை வருமாறு:-

காலையில் போங்கள். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கப் பார்க்கிறார் என்று சந்தேகப்படலாம்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. என்ஜினை நிறுத்திய பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் உஷார்!

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். நாலு டயரும் வெவ்வேறு வருடமா? ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறதா? சஸ்பென்ஷனிலோ சேஸிஸிலோ கோளாறு இருக்கலாம்.

மீட்டர் 40 ஆயிரம் கி.மீ. காட்டுகிறது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளவென்று மின்னுகிறதா? மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில் மெதுவாகப் போய், திடீரென்று ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. வேகமான கார்களில் கிளட்ச் சீக்கிரம் போகும். முன்னால் ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை அது சொல்லிவிடும்.

காலி ரோட்டில், பின்னால் யாரும் வராதபோது, பிரேக்கை நன்றாக மிதியுங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூழ்கி எழுந்த கார்

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்து வெளியூர் சந்தைக்கு வந்தவையும் உண்டு.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அந்தக் குழியில் வண்டல் இருக்கும். எத்தனை சென்ட் அடித்தாலும் கண்ணாடியை ஏற்றி 10 நிமிடம் உட்கார்ந்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

வெளி மாநில கார்களிலும் கவனம் தேவை. 10 வருட டீசல் கார், 15 வருட பெட்ரோல் கார்களுக்கு டெல்லியில் வந்த தடையை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அதனால் அங்கிருந்து கார்கள் மலிவு விலைக்கு வெளியேறின. புதுச்சேரி நம்பர் கார்களோ கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

வெளி மாநில காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று தேவை. இங்கே வரியும் கட்ட வேண்டும். 50 ஆயிரம் ரூபாய் மலிவு என்று வாங்கி, அதை வரியில் விட்டவர்கள் உண்டு.

15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்த்தினார்கள். "2005 மாடல், கொள்ளை மலிவு" என்பவரிடம், "ஆர்.சி. எது வரைக்கும் இருக்கு?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பெயர் மாற்றாவிட்டால்...

எல்லாம் பார்த்து வாங்கியாயிற்று. "பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடுபவர்கள் ஏராளம். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு வழக்கே சாட்சி.

ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்கு விற்றார். யாரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. நஷ்டஈடு யார் கொடுப்பது?

"நான் விற்று 2 வருடம் ஆச்சு" என்றார் முதல் சொந்தக்காரர். 2018 பிப்ரவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்பது தீர்ப்பு. காரை விற்றவர், ஓட்டாத காருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று!

ஆகவே விற்பவரும் சரி, வாங்குபவரும் சரி, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் சேர்த்த பிறகே நிம்மதியாகத் தூங்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

கார் மேல் கடன் இருந்தால் பேங்க் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்க வேண்டும். கடன், இன்சூரன்ஸ், ஆர்.சி. காலாவதி தேதி எல்லாவற்றையும் "எம்-பரிவாகன்" ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் பக்கத்திலும் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் காரில் உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும்.

இன்சூரன்சையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். மாற்றாமல் விட்டு, சொந்த கார் சேதமானால் பணம் கிடைப்பது கஷ்டம். விற்றவரின் "நோ கிளெய்ம் போனஸ்" அவருடையது. அது காரோடு வராது.

உறுமல் வேண்டாம்

வாலிபர்:- மாமா, சைலன்சர மட்டும் மாத்திட்டா கெத்தா இருக்கும்.

மாமா:- கெத்து இருக்கும். இன்சூரன்ஸ் இருக்காது!

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஏற்கனவே ஜோடித்து வைத்த காரை வாங்கினால் அபராதம் வாங்கியவர் தலையில் விழும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் வழி கிடைக்கும். ஆகவே கம்பெனியில் வந்தபடியே இருக்கும் கார்தான் நல்ல கார்.

ரோடு யாருக்கும் சொந்தமில்லை

கடைசியாக ஒன்று. நம் பக்கத்து ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போகும். அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும். ஆடு குறுக்கே வரும். பள்ளிக்கூடம் விட்டால் சைக்கிள் கூட்டம். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு செகண்டில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, கால் பிரேக்கைத் தேடுவதற்குள் அவ்வளவு தூரம்!

வேகம் பார்க்க ஆசையா? அதற்கென்றே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் ரேஸ் மைதானம் இருக்கிறது.

வாலிபர் கடைசியில் என்ன வாங்குவார்? மாமா சொன்னபடி 3 லட்சத்துக்குள், ஒரே ஆள் ஓட்டிய, சர்வீஸ் பில் எல்லாம் உள்ள, பட்டி பூசாத ஒரு பழைய கார். டீக்கடை வாசலில் அதைப் பார்த்துக் கூட்டம் கூடாது. ஆனால் மாதக் கடைசியில் கடன்காரனும் வாசலில் நிற்க மாட்டான்.

வாலிபர்:- உறுமவே இல்லியே மாமா!

மாமா:- அதுக்குத்தான்டா தட்டிப் பாத்து வாங்குனது. நல்ல சாமான் தானா சத்தம் போடாது. தட்டுனாதான் பாடும்!